மருத்துவரின் வண்டி

பழம்பொருளைப் போற்றுதல் என்றதும் நம் நினைவுக்கு வருவன கோயிலும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே. அரசர் அணிந்த முடியையும் ஏந்திய வாளையும் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காக்கிறோம். உழவன் பிடித்த ஏரையும் குயவன் வனைந்த பானையையும் அவ்வாறு காப்பவர் அரியர். கீழடி மண்ணில் கிடைத்த பானை ஓடுகளில் எளிய மாந்தர் பெயர்கள் கீறப்பட்டிருப்பதைக் கண்டபின் அன்றோ, புழங்குபொருளுக்கும் வரலாறு உண்டு என்பதைப் பலரும் உணர்ந்து பேசலாயினர்! மோட்டார் வண்டிகளின் நிலையும் இதுவே. சமஸ்தான மன்னர்கள் ஊர்ந்த ரோல்ஸ்ராய்ஸ் வண்டிகளைக் காக்கக் காப்பகங்கள் உண்டு; விலைகொடுக்கச் செல்வர்களும் உண்டு. ஆசிரியரும் வணிகரும் மருத்துவரும் வாங்கி, நாள்தோறும் ஓட்டித் தேய்த்த சிறிய வண்டிகளோ, ஓட்டம் நின்றதும் இரும்பு எடைக்கு விலைபோயின. அவ்வாறு போகவிருந்த வண்டிகளைத் தேடி வாங்கி, பழுது நீக்கி, மீண்டும் சாலையில் ஓட்டி மகிழும் அன்பர்கள் நம் நாட்டில் பலர் உளர். அவர்களுள் ஒருவரோடு நான்கு ஆண்டுகள் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நன்னூல் கற்பித்த கிழவனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என்று மாணவர்களாகிய நீங்கள் நகைக்கலாம். அவ்வுறவு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்கிறேன்.

இன்று ஒரு கடைத்தெருவில் சிறிது நேரம் நின்றாலே பத்து நிறுவனங்களின் வண்டிகளைக் கண்டுவிடலாம். 1960-களிலும் 1970-களிலும் நிலைமை வேறு. அயல்நாட்டு வண்டிகளை இறக்குமதி செய்யக் கடுந்தடைகள் இருந்தன; உள்நாட்டில் உரிமம் பெற்றுப் பயணிகள் வண்டி செய்த பெருந்தொழிற்சாலைகள் மூன்றே. கல்கத்தாவுக்கு அண்மையில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் வண்டியைச் செய்தது. ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியே அதன் மூலம். அது 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. பம்பாயில் பிரிமியர் நிறுவனம் இத்தாலி நாட்டுப் பியட் 1100 வண்டியைச் செய்தது; பின்னாளில் அவ்வண்டி சித்தூர் அரசியின் பெயரைத் தாங்கிப் ‘பத்மினி’ ஆயிற்று. மும்பைத் தெருக்களில் கறுப்பும் மஞ்சளும் பூசிய வாடகை வண்டியாக அது ஓடிய ஓட்டம் 2023 அக்டோபரில் முடிந்தது. மூன்றாவது தொழிற்சாலை நம் சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்பது அதன் பெயர். 1961-ஆம் ஆண்டு முதல் அங்கே செய்யப்பட்ட ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் வண்டியைப் பற்றியே நான் சொல்லப் போவது. தமிழ் மண்ணில் உருவான வண்டி என்பதனால் அதன்மேல் எனக்குச் சற்றுப் பற்று மிகுதி. அதனை மறைக்க விரும்பவில்லை.

ஹெரால்டின் பிறப்பு இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில், 1959-ஆம் ஆண்டில். அங்கே அதன் பெயர் டிரயம்ப் ஹெரால்டு. வடிவம் வகுத்தவர் இத்தாலிய நாட்டுக் கலைஞர் ஜியோவன்னி மிகலாட்டி. அக்காலத்துப் புதிய சிறுவண்டிகளில் பல, அடிச்சட்டம் வேறு உடற்கூடு வேறு என்றில்லாமல், ஒரே கூடாக வார்க்கப்பட்டாற்போல இணைத்துச் செய்யப்பட்டன. ஹெரால்டைச் செய்தவர்களுக்கோ அத்தகைய முழுக்கூட்டைச் செய்துதரும் ஆலை வாய்க்கவில்லை. ஆதலின் அவர்கள் பழைய முறைக்கே திரும்பினர். ‘சேஸிஸ்’ என்னும் இரும்புச் சட்டத்தைத் தனியே செய்து, அதன்மேல் உடற்கூட்டைப் பகுதி பகுதியாக வைத்துப் போல்ட்டுகளால் முடுக்கினர். வேறு வழியின்றி மேற்கொண்ட இம்முறை, அறுபது ஆண்டு கழித்துப் பழுதுபார்ப்போருக்குப் பெருநன்மையாய் முடிந்தது. போல்ட்டைக் கழற்றினால் பகுதி தனியே வந்துவிடும். ஒன்று கெட்டால் மற்றொன்றைத் தொட வேண்டுவதில்லை.

அவ்வண்டியின் முன்பக்கத்தைத் திறப்பதே ஒரு காட்சி. மற்ற வண்டிகளில் எஞ்சினை மூடிய தகடு மட்டும் மேலெழும். ஹெரால்டிலோ விளக்குகளும் சக்கரங்களை மூடிய இருபுறத் தகடுகளும் சேர்ந்து முகம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். வேலை செய்பவர் சக்கரத்தின் மேலேயே அமர்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கும் திறனும் அதற்கு உண்டு. குறுகிய தெருவில் பின்வாங்காமலே திரும்பிவிடும். இங்கிலாந்தில் எஞ்சினின் கொள்ளளவு 1,147 கன சென்டிமீட்டர், 1,296 கன சென்டிமீட்டர் என வளர்ந்தது. நம் நாட்டில் அது 948 ஆகவே நின்றது. ஆனால் நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே உருவாயிற்று. முன்னிருக்கையை மடக்கிப் பின்னால் புகுவது நம் வீட்டுப் பெரியோர்க்கு எளிதன்று என்பதை வண்டலூரார் அறிந்திருந்தனர் போலும்.

என்னிடம் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் வங்கி அலுவலராக இருக்கிறார். காவிரிக்கரை ஊர் ஒன்றில், ஒரு மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பின்னே ஒரு ஹெரால்டு வண்டி இருபது ஆண்டுகளாக நின்றுகொண்டிருப்பதாக அவருக்குச் செய்தி கிட்டியது. அவ்வூரில் நெடுங்காலம் தொழில்செய்து மறைந்த மருத்துவர் ஒருவருடைய வண்டி அது. அவர் மகளார் அதனைப் பழைய இரும்பு வாங்குவோர்க்குத் தர மனமின்றி வைத்திருந்தார். மாணவர் போய்க் கேட்டபோது, “விலை இருக்கட்டும் தம்பி, உடைத்து விற்கமாட்டேன் என்று சொல்லுங்கள்” என்றாராம். இவர் அவ்வாறே வாக்களித்தார். பதிவுப் புத்தகம் பத்திரமாக இருந்தது. அதிலுள்ள எண்ணும் சேஸிஸில் பொறித்த எண்ணும் ஒத்திருந்தன. பழைய வண்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டுவது இதனையே என்று இத்துறையினர் கூறுவர். பெயின்ட் பளபளப்பாக இருந்து, ஏடு இல்லையென்றால், அவ்வண்டி ஊர் பேர் அறியாத தனிப்பாடலைப் போன்றதே.

மாணவருக்கு உறுதுணையாக வாய்த்தவர் எழுபது வயதைக் கடந்த பட்டறைக்காரர் ஒருவர். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றே அழைப்பர். இளமையில் ஹெரால்டு வண்டிகளைப் பழுதுபார்த்துக் கைபழகியவர். வண்டி பட்டறைக்கு வந்த அன்று எஞ்சின் அசையவில்லை. பக்கத்துப் பட்டறை இளைஞர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துப் பார்க்கலாம் என்றார். மேஸ்திரி ஒப்பவில்லை. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி, மூடிவைத்துவிட்டு, “பத்து நாள் யாரும் தொடக்கூடாது” என்றார். வலிந்து சுழற்றினால், துருவினால் ஒட்டிக்கொண்ட வளையங்கள் முறிந்து உருளையின் சுவரைக் கீறிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பதினொன்றாம் நாள் கையால் சுழற்றியபோது, எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டாற்போல அசைந்து கொடுத்தது.

ஆயினும் அவர் எஞ்சினை உடனே முடுக்கவில்லை. பிரேக்கை முதலில் எடுத்துக்கொண்டார். “ஓடாத வண்டி யாரையும் கொல்லாது வாத்தியாரையா, நிற்காத வண்டிதான் கொல்லும்” என்றார். பிரேக்கு உருளைகளிலிருந்த ரப்பர்க் கிண்ணங்கள் கல்லாய் இறுகியிருந்தன. மின்கம்பிகளின் மேலுறையைத் தொட்டவுடன் அது பொடியாய் உதிர்ந்தது. இருக்கையினுள் எலிகள் மூன்று தலைமுறையேனும் குடித்தனம் செய்திருக்க வேண்டும். தரைத்தகடு சல்லடை. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றுமுன் மாணவர் படம் எடுத்துக்கொண்டார். கழற்றியவற்றைச் சிறு பைகளில் இட்டு ‘க1’, ‘க2’, ‘ங1’ எனத் தமிழ் எழுத்தால் அடையாளமிட்டார். அவற்றை எழுதியவன் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகவே முதலில் என்னை அழைத்தார் என்று எண்ணுகிறேன்.

கிடைக்காத உறுப்புகளைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கு இருமுறை அவருடன் சென்றேன். கழற்றப்பட்ட வண்டிகளின் கதவுகளும் கண்ணாடிகளும் கியர்ப் பெட்டிகளும் மலைபோல் குவிந்து கிடக்கும் இடம் அது. எந்தக் குவியலில் எது கிடக்கும் என்பது கடைக்காரர் நினைவில் மட்டுமே உண்டு. சில உறுப்புகள் இங்கிலாந்திலிருந்து அஞ்சலில் வந்தன. ஹெரால்டு அன்பர்கள் அங்கே மிகுதியாக இருப்பதால், ரப்பர்ப் பொருள்களையும் தகடுகளையும் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றனர். இவ்வகைத் தேடலில் வியப்பான செய்தி ஒன்றும் அறிந்தேன். மாரிஸ் மைனர் என்பது 1948-இல் தோன்றி ஆங்கிலேய எளிய குடும்பங்களின் செல்ல வண்டியாய் விளங்கியது. அதன் உறுப்புகளை 1990-களில் இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். அவ்வண்டிகள் இலங்கையிலும் நெடுங்காலம் ஓடியமையால், தகடு வளைக்கும் கைத்திறம் அங்கே அழியாமல் இருந்தது.

இனி, இப்பணியில் எனக்கு மிகவும் உறைத்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் திருகுமரை உண்டு. அது ஒரு வெண்கலக் கட்டையினுள் பொருந்தியிருக்கும். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அக்கட்டையினுள் சிறிது சுழலும். மற்ற மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் இடுவது வழக்கம். இந்த மூட்டுக்கு மட்டும் கியர் எண்ணெய்தான் இடவேண்டும். கிரீஸ் தடித்தது, மரைகளின் அடிவரை சென்று பரவாது. அடியில் நீர் புகும், துரு அரிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். வண்டியோடு வழங்கிய ஆங்கிலக் கையேட்டில் எண்ணெய் என்றே தெளிவாக அச்சிட்டிருக்கிறது. ஆனால் கிரீஸ் துப்பாக்கியைச் செருகும் முனை அங்கும் இருப்பதைக் கண்டு, ‘கிரீஸ் முனைதானே’ என்று கிரீஸையே நிரப்பிவந்த பட்டறைகள் பல. இவ்வண்டிக்கும் அதுவே நேர்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது இடப்பக்கத் தண்டில் மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருந்தது. இருள்சூழ்ந்த கிராமப் பாதைகளில் நோயாளிகளை ஏற்றிச் சென்ற வண்டி அது என்பதை நினைத்தபோது எனக்கு உடல் நடுங்கிற்று. மூலநூலைப் படியாமல், முன்னவன் செய்தான் என்று பின்னவனும் செய்வதன் பயன் இது. ஏடெழுதுவோர் ஒருவர் பிழையை மற்றொருவர் பார்த்தெழுதி வழிவழியாகப் பெருக்கிய கதை எங்கள் துறையிலும் உண்டு; ஆனால் அங்கே முறிவது பொருள், சக்கரமன்று.

அடுத்து எழுந்தது நிறத்தைப் பற்றிய வழக்கு. மேற்பூச்சு வெண்மை. அதனைச் சுரண்டிய இடத்தில் வெளிறிய நீலம். அதற்கும் அடியில் இளம்பச்சை. முன்பலகையின் உட்புறத்தில், வெயிலும் மழையும் படாத இடத்தில், அவ்விளம்பச்சை மட்டுமே இருந்தது. அதுவே தொழிற்சாலை இட்ட நிறம் என்பதில் ஐயமில்லை. மீண்டும் பச்சையே பூசவேண்டும் என்பது என் கட்சி. புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அவற்றைக் கிட்டாதவை என்றே காட்டி எண்களை நிறுத்தினரேயன்றி, இரண்டு பாட்டு இயற்றி இடத்தை நிரப்பினாரில்லை. மூலம் கிடைத்த இடத்தில் மூலத்தை வைப்பதும், கிடைக்காத இடத்தைக் கிடைக்கவில்லை என்று காட்டுவதுமே பதிப்பாசிரியர் அறம். வண்டிக்கும் அதுவே அறம் என்று வாதிட்டேன்.

மாணவர் மறுத்தார். “ஐயா, அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் வெள்ளை வண்டி என்றுதான் சொல்கிறார்கள்” என்றார். உண்மைதான். 1970-களில் மின்விளக்கு இல்லாத பாதைகளில் தொலைவிலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காகவே மருத்துவர் வெள்ளை பூசச் செய்தாராம். பேறுகால வலியோடு அதன் பின்னிருக்கையில் கிடந்து நகர மருத்துவமனைக்குச் சென்ற மூதாட்டியர் இன்னும் அவ்வூரில் இருக்கின்றனர். அவர்கள் அறிந்த வண்டி வெள்ளை. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அது எந்த நிறத்தில் இருந்தது என்பதை அவ்வூரில் ஒருவரும் கண்டதில்லை; மருத்துவரே அதனை வேறொருவரிடம் வாங்கியவர். மகளாரைக் கேட்டபோது அவர் வேறு சொல்லவில்லை; “அப்பா வண்டி வெள்ளை” என்றார், அவ்வளவே.

வெள்ளையே பூசினர். ஆனால் முன்பலகையின் உட்புறத்தையும், பின்பெட்டியின் உள்ளே ஒரு முழப் பரப்பையும் பூசாமல் பச்சையாகவே விட்டனர். அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டுவது போல் இருக்கிறது என்று மாணவர் என்னைச் சமாதானப்படுத்தினார். சமாதானம் நன்றாகத்தான் இருந்தது. பச்சை என்பதே இன்றும் என் முடிபு.

முகத்தகட்டின் வலப்பக்கம் ஒட்டுப்போட்ட வடு ஒன்று உண்டு. வேறு வண்டியிலிருந்து பழுதற்ற முகம் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கலாம், போல்ட்டு வேலைதான், செலவும் குறைவு. இவர்கள் வடுப்பட்ட தகட்டையே தட்டி நிமிர்த்தி, துருவேறிய ஓரத்தை மட்டும் வெட்டிப் புதுத்தகடு பற்றவைத்தனர். பட்டியை அப்பி மூடும் வேலையை மேஸ்திரி தம் பட்டறையில் நுழையவிடுவதில்லை. தரைத்தகடோ முழுவதும் புதிது. எத்தனை உறுப்பு மாறினால் வண்டி வேறு வண்டி ஆகும் என்று தருக்க நூலார் போல நாங்கள் மாலைதோறும் வழக்காடியதுண்டு. இவ்வினாவுக்கு அரசாங்கமும் ஒரு விடை வைத்திருக்கிறது. முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாமல் மூலவடிவில் உள்ள வண்டிகளுக்கென 2021 ஜூலையில் மைய அரசு தனி விதி வகுத்தது. அவற்றின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டு செல்லலாம், நாள்தோறும் ஓட்டலாகாது. நன்மை கருதிய விதிதான். ஆனால் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் நாள்தோறும் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டியை, ஓடாதே, காட்சிக்கு மட்டும் நில் என்பது பொருந்துமா என மாணவர் தயங்குகிறார். இப்போதைக்குப் பழைய பதிவையே புதுப்பித்து வைத்திருக்கிறார்.

ஞாயிறு காலைகளில் முக்கொம்பு வரை போய்வருவோம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அவர் ஓட்டுவதில்லை. அந்த வேகத்தில் காவிரியின் இருகரையும் கண்ணில் தங்குகின்றன. புதிய வண்டியில் போனால் நிழற்படம் போல் ஓடிவிடுகின்றன. எஞ்சினின் சூடு காலில் படும். பேசினால் உரக்கப் பேசவேண்டும். மழை வந்தால் கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றவேண்டும். இவையெல்லாம் குறை என்பாரும் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழியில் அம்பாசடரும் பத்மினியும் வைத்திருக்கும் அன்பர் சிலர் வந்து சேர்ந்துகொள்வர். தேநீர்க்கடையில் நின்றால் பேச்சு முழுவதும் பெட்ரோலைப் பற்றியதாகவே இருக்கும். இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கின்றனர். அது பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கிவிடும் என்பது அவர்கள் கவலை. நம் மாணவர் குழாய்களையெல்லாம் அதனைத் தாங்கும் வகையினவாக முன்னமே மாற்றிவிட்டார்.

வண்டியை முதன்முதலாக அவ்வூருக்குக் கொண்டுசென்ற நாளில் மகளார் ஏறி அமரவில்லை. முன்னிருக்கையின் கதவுப் பிடியைத் திறந்தும் மூடியும் அந்த ஓசையை மட்டும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு தெருப்பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார்.

இப்போது எங்களுக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது. எந்த மூட்டுக்கு எந்த எண்ணெய், எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எந்தச் சத்தம் எந்த நோயின் அறிகுறி என்பனவெல்லாம் மேஸ்திரியின் கையிலும் காதிலும் இருக்கின்றன, ஏட்டில் இல்லை. அவரிடம் இத்தொழிலைக் கற்க எவரும் வரவில்லை. ஆதலின் அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிவருகிறேன். பல்தொழில் பயிலகத்தில் படிக்கும் அவர் பேத்தி படம் வரைகிறாள். ‘டிரன்னியன்’ என்னும் அம்மூட்டுக்குத் தூய தமிழ்ப்பெயர் ஆக்க நான் முயன்றபோது, “படிக்கிறவன் கடையில் போய் என்னவென்று கேட்பான் வாத்தியாரையா?” என்று மேஸ்திரி தடுத்துவிட்டார். அவர் சொல்லையே எழுதினேன். பிரேக்குப் பகுதியும் முன்சக்கரப் பகுதியும் முடிந்தன. பின்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குவில் எஞ்சியிருக்கிறது. மேஸ்திரிக்குச் சென்ற வாரம் கண்புரை அறுவை நடந்தது. ஒரு மாதம் குனியலாகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது கழிந்ததும் அப்பகுதியை எழுதத் தொடங்குவோம்.